விளக்குக்காரியின் மூன்று வரி

மூன்றே வரி. பத்துத் தடவை படித்தாயிற்று, இன்னும் மூன்றே வரிதான் இருந்தது. சுகிர்தா அந்தக் கார்டை மேசையில் வைத்தாள், எடுத்தாள், ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தாள். கீழே வைத்ததும் உன் கட்டின் மேலுள்ள இரண்டு கார்டுகளைப் பார். ஒன்றைக் கையில் எடு. மற்றதைக் கட்டின் அடியில் வை. பார், எடு, வை. மேலே படம், பாறைமேல் ஒரு பெண் அரிக்கேன் விளக்கோடு நிற்கிறாள், முந்தானை ஒரு பக்கமாகப் பறக்கிறது, முகம் தெரியவில்லை, பெயர் விளக்குக்காரி. எட்டு மாதத்துக்குப் பிறகு கையில் ஒரு புதுக் கார்டு. விளிம்பு இன்னும் மழுங்காத, எவர் கையும் படாத கார்டின் அந்த வழவழப்பை விரல் உடனே அடையாளம் கண்டுகொண்டது, மறந்ததெல்லாம் மண்டைக்குள்தான், விரல் ஒன்றையும் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கரைசேர் என்கிற அந்த விளையாட்டில் ஆளுக்கு முப்பது கார்டு. ஒரு முறைக்கு ஒன்று எடுத்து ஒன்று இறக்க வேண்டும். ஆள் கார்டை இறக்கினால் ஒரு மூட்டை கரைக்கு வரும், எதிராளி புயலை இறக்கினால் ஒரு மூட்டை கடலோடு போகும். தன் முறை முடியும்போது கரையில் ஏழு மூட்டை வைத்திருப்பவர் ஜெயித்தார், கட்டின் கடைசிக் கார்டு போய்விட்டால் அந்தக் கணமே தோற்றார். சட்டம் இவ்வளவுதான், மீதியெல்லாம் கார்டுகள் அடிக்கும் கூத்து. இதுவரை ஆயிரத்துச் சொச்சம் கார்டு வந்திருக்கிறது, ஒட்டி மூடிய பாக்கெட்டில் பத்துப் பத்தாக, பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. வேண்டாததைக் கொடுத்து வேண்டியதை மாற்றிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைதோறும் காந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் கூடும். இன்றைக்கும் ஞாயிறு. இந்நேரம் அங்கே நீள மேசைகளில் பேப்பர் விரித்திருப்பார்கள். அவள் இங்கே மூன்றாவது மாடியில், சாய்பாபா காலனியில், எதிரே இரண்டு கட்டுகளும் ஒரு காகிதமும். காகிதத்தில் இம்மானுவேலின் சாய்ந்த கையெழுத்து. விளையாட்டை உருவாக்கிய மூன்று பேரில் அவன் ஒருவன். அக்கா, புதுசா வர்றவங்களுக்குன்னு முதல்முறையா ஒரு ஆரம்பப் பெட்டி போடறோம், அதுல விளக்குக்காரி இருக்கட்டுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும், ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அச்சகத்துக்குப் போகுது.

நீங்கதான் சொல்லணும். அந்த வார்த்தையில் எங்கேயோ ஒரு முள் இருந்தது, நேற்று சாயந்திரத்திலிருந்து தொண்டையில் நிற்கிறது. ஏன் நான்தான். பரிதாபமா. பாவம் அக்கா, வீட்டிலேயே உட்கார்ந்திருக்காங்க, ஏதாவது குடுப்போம் என்றா. அல்லது அதைவிட மோசமாக, உண்மையாகவே அவள்தான் பொருத்தம் என்றா, புதிதாக வருகிறவர்களுக்கான கார்டைப் புதிதாக வந்தவள்போல ஆகிவிட்டவளிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று. நான்கு வருஷம் அந்த மண்டபத்தில் முதல் மேசை அவளுடையது. கையில் ஏழு கார்டு, எதிராளி கையில் இருக்கக்கூடிய ஏழு, இன்னும் கட்டில் மிஞ்சியது, எல்லாவற்றையும் மண்டைக்குள் விரித்துவைத்து, மூன்று முறை தள்ளி நடக்கப்போவதை இப்போதே பார்த்து, டீ குடித்துக்கொண்டே ஆடுவாள். மார்ச் மாதம் துடியலூர் ரோட்டில் மழையில் வேகத்தடை தெரியாமல் வண்டி சறுக்கியது, ஹெல்மெட் இருந்தது, உயிர் இருந்தது, பேச்சு இருந்தது, ஆனால் விரிப்பு சுருங்கிவிட்டது. இப்போது ஒரே நேரத்தில் இரண்டைப் பிடிக்கலாம், மூன்றாவது வந்தால் முதலாவது நழுவிவிடும். இன்று காலைகூட வடிகட்டி என்கிற சொல் வரவில்லை. டீயை அடுப்பில் வைத்துக்கொண்டு, தாமு, அந்த, அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே அது எங்கே என்று கணவனைக் கேட்டாள், தாமோதரன் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தான், அந்த ஒன்றும் சொல்லாததுதான் சுட்டது. ஃபிரிட்ஜ் கதவில் அவன் ஒட்டிய சீட்டுகள், மாத்திரை போடு, கேஸை மூடு, மதியம் படு. டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, கொஞ்சம் கொஞ்சமா வரும்மா, அவசரப்பட்டா வராது என்றார், எவ்வளவு வரும் என்று அவள் கேட்டாள், அவர் படத்தை உறைக்குள் போட்டார். அதற்குப் பிறகு கரைசேர் கார்டுகளை அலமாரியில் வைத்து அவளே பூட்டினாள். ஒரு தடவை, ஜூன் மாதத்தில், தனக்குப் பிடித்த பழைய கார்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள், பதினோரு வரி பொடி எழுத்து, ஆறாவது வரியில் முதல் வரி போய்விட்டது, திரும்ப மேலே போனாள், திரும்ப ஆறாவது வரியில் போய்விட்டது, கார்டை உள்ளே வைத்துவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள்.

இது மூன்று வரி. இது போகவில்லை. கண்ணை மூடினால்கூட நிற்கிறது, பார், எடு, வை, இரண்டில் ஒன்று. அந்தச் சந்தோஷத்தை நம்பலாமா என்று தெரியாமல் எழுந்து சமையலறைக்குப் போய் கேஸைப் பார்த்தாள், மூடியிருந்தது, வந்து உட்கார்ந்தாள், மூடியிருந்ததா என்று சந்தேகம் வந்தது, மூடியிருந்தது. தனியாக ஆடிப் பார்க்க முடியாது, இரண்டு பேர் கார்டையும் பிடித்துக்கொள்ள இப்போது மண்டைக்குள் இடமில்லை. தாமு குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தான், தண்ணீர்த் தொட்டிச் சண்டை முடிய மதியம் ஆகும். அதனால்தான் காலையிலேயே கீழ்வீட்டுக் கலாமணியைக் கூப்பிட்டிருந்தாள். கலாமணி தரைத்தளத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறவள், அவளைவிட ஆறேழு வயது மூத்தவள், விபத்துக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் மேலே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள், அதில் பரிதாபம் இல்லை, அவளுக்குப் பேச ஆள் வேண்டும். பத்தே கால் மணிக்கு வந்தாள், கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது, மேசையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“ஏங்கண்ணு, சீட்டாட்டத்துக்கா கூப்பிட்டே? எங்கூட்டுல சீட்டைப் பாத்தாலே எங்கய்யன் அடுப்புல போட்டுருவாரு.”

“இது அந்தச் சீட்டு இல்லீங்க்கா. மூட்டையைக் கரை சேக்கற விளையாட்டு. உங்களுக்குத் தெரியாது, அதுதான் எனக்கு வேணும்.”

“தெரியாதவ வேணும்னா நாந்தான் சரியான ஆளு,” என்று கலாமணி உட்கார்ந்தாள். மூட்டைக்கு எதை வைப்பது என்று சுகிர்தா தேட, அவள் மடியிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள், சட்டைப் பித்தான்கள், வெள்ளையும் கறுப்பும். வெள்ளை எனக்கு, கறுப்பு உனக்கு என்றாள்.

சொல்லிக் கொடுக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, அது முதல் ஆச்சரியம். முன்பெல்லாம் புதிதாக ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் அவருக்கு முகம் வெளிறிவிடும். இரண்டாவது முறையிலேயே கலாமணி கைக்கு விளக்குக்காரி வந்துவிட்டது. கார்டை எட்டப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, உதடசைய வாசித்துக் கீழே வைத்தாள், கட்டின் மேலே பார்த்தாள், இரண்டு கார்டு, ஒன்று படகோட்டி, ஒன்று புயல். அவள் இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, கடையில் இரண்டு துணியைத் தொட்டுப் பார்க்கிறவள்போல ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தாள், பிறகு இது உனக்கு ஆகாதுல்ல என்று புயலை எடுத்துக்கொண்டு படகோட்டியை அடியில் செருகினாள். அதுதான். அங்கேதான் இருக்கிறது. மற்றக் கார்டுகளெல்லாம் நீ இதைச் செய்தாய், அது நடந்தது என்று முடிந்துபோகும். இந்தக் கார்டு கலாமணியை ஒரு கேள்வி கேட்டது, அவள் யோசித்தாள், விளையாட்டுக்குள் வந்துவிட்டாள். ஆட ஆரம்பித்து ஆறு நிமிஷம் ஆகவில்லை, வாசலில் நின்றவள் உள்ளே உட்கார்ந்து எதிராளிக்கு எது ஆகாது என்று கணக்குப் போடுகிறாள். மூன்று கார்டைக் காட்டியிருந்தால் குழம்பியிருப்பாள். ஒன்றைக் காட்டியிருந்தால் யோசிக்க எதுவும் இருந்திருக்காது. இரண்டு. இரண்டு சரியான எண். சுகிர்தாவாலும் இரண்டைப் பிடிக்க முடிகிறது, தன் முறையில் அவளுக்கும் விளக்குக்காரி வந்தது, மேலே இரண்டு, மீனவத்தியும் எதிர்காற்றும், அவள் பிடித்துக்கொண்டாள், இரண்டும் நழுவாமல் நின்றன, எதிர்காற்றை எடுத்தால் அடுத்த முறை புயலைத் தடுக்கலாம், மீனவத்தியை எடுத்தால் அடுத்த முறை இன்னொரு மூட்டை, கலாமணியிடம் புயல் இருப்பது தெரியும், அவளே சொல்லிவிட்டாள், ஆகவே எதிர்காற்று. ஆகவே. எத்தனை மாதமாயிற்று இந்த ஆகவே மண்டைக்குள் கேட்டு. அது இதனால், இது அதனால், ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறி நிற்கிற அந்தச் சின்ன ஏணி, இரண்டே படி, ஆனால் ஏணி. அவளுக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. முன்பு இருந்தது இருபது படி, இருக்கட்டும், இருபது படி ஏறி நின்றபோது இவ்வளவு சந்தோஷமாக இருந்ததா என்று யோசித்தாள், இருந்ததாக ஞாபகம் இல்லை, ஜெயித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உன் முறை கண்ணு, என்றாள் கலாமணி, சுகிர்தா படகோட்டியை இறக்கினாள், கறுப்புப் பித்தான் ஒன்று கரையேறியது. விளக்குக்காரியைப்போல ஒரு எளிய கார்டு முன்பும் வந்தது, அதன் பெயர் என்ன, நான்கு வருஷத்துக்கு முன்னால், பச்சை ஓரம், பெயர் வரவில்லை, வராவிட்டால் போகட்டும். அப்போதெல்லாம் புதுப் பாக்கெட் வந்தால் அவள்தான் ஒவ்வொரு கார்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் குழுவில் எழுதுவாள், மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பச்சை ஓரத்துக் கார்டுக்கு ஒன்று போட்டாள், பத்துக்கு ஒன்று, அச்சு நன்றாக இருப்பதற்காக என்று எழுதினாள், எல்லோரும் சிரித்தார்கள். அதே மாதத்தில்தான் அந்த மனிதர் மண்டபத்துக்கு வந்தார், ஐம்பது வயதிருக்கும், கோடு போட்ட முழுக்கைச் சட்டை, எல்ஐசி ஏஜெண்ட் என்று சொன்னார், வீட்டில் தனியாக இருக்கிறேன், ஒருத்தர் சொன்னார் வந்தேன் என்றார். அவர் கட்டில் அந்தப் பச்சைக் கார்டு நான்கு இருந்தது, ஒவ்வொரு தடவை வரும்போதும் வந்திருச்சு என்று மெல்லச் சொல்லிக்கொள்வார். அவள் அவரை ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டு, இந்தக் கார்டையெல்லாம் கட்டுலருந்து எடுத்துட்டு வாங்க சார், இதை வச்சுக்கிட்டு மேசைக்கு வரக்கூடாது என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள், உண்மையைத்தான் சொன்னாள். அவர் தலையாட்டினார், நான்கு கார்டையும் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், டீ வந்ததும் குடித்தார், அப்புறம் வரவில்லை. அவர் பெயர் கேட்கவில்லை. அந்தக் கார்டு அவரை ஏதோ கேட்டிருக்கிறது, அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் குறுக்கே போய்விட்டாள். ஒரு கார்டு ஜெயிக்குமா என்பது ஒரு கேள்வி, ஒரு கார்டு ஆளை உட்காரவைக்குமா என்பது வேறு கேள்வி, இந்த இரண்டாவது கேள்வி அவளுக்கு நான்கு வருஷமாகத் தோன்றவே இல்லை, மண்டை உடைந்துதான் தோன்ற வேண்டுமா என்ன. சரி, தோன்றியது. இம்மானுவேலிடம் சொல்ல வேண்டும், முதல் பெட்டியில் கண்டிப்பாக இருக்கட்டும், கட்டுக்கு மூன்று விளக்குக்காரி போதாது, நான்கு வை என்று சொல்ல வேண்டும், மறப்பதற்குள் எழுது, பேனா எங்கே, காகிதத்தின் ஓரத்தில் நான்கு என்று எழுதினாள், எழுதிவிட்டு அது எதற்கு நான்கு என்று ஒரு கணம் தெரியாமல் போய், திரும்ப வந்தது.

“புயலு,” என்றாள் கலாமணி, நிதானமாக, சுகிர்தாவுடைய மூன்றாவது பித்தானை எடுத்துக் கடலில் போட்டாள். எதிர்காற்றைச் சுகிர்தா போன முறையே செலவழித்திருந்தாள். ஆட்டம் மெதுவாகப் போனது. கலாமணி ஒவ்வொரு தடவையும் கையிலிருக்கும் எல்லாக் கார்டையும் முதலிலிருந்து வாசித்தாள், நடுவே கீழிருந்து யாரோ ஜாக்கெட் கேட்டுக் கூப்பிட, பால்கனிக்குப் போய் ஹூக் வைக்கலை, சாயந்திரம் வா என்று சொல்லிவிட்டு வந்தாள். சுகிர்தாவும் மெதுவாகத்தான், ஒவ்வொரு முறையும் இரண்டை எடுத்து இரண்டை வைத்து. மூட்டைகள் கரையேறின, கடலுக்குப் போயின, திரும்ப ஏறின. பதினொன்றே கால். பதினொன்றே முக்கால். அப்போதுதான் அது ஆரம்பித்தது, சந்தோஷத்துக்குக் கீழே, ஏதோ சரியில்லை. கார்டில். மூன்று வரியில் ஏதோ ஒன்று. அவள் விளக்குக்காரியைத் திரும்ப வாசித்தாள். பார். எடு. வை. சரியாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு. நாக்கு நுனியில் நிற்கிற சொல்போல, பின்னால் திரும்பினால் அதுவும் திரும்பிவிடுகிறது. கேஸா. கேஸ் மூடியிருக்கிறது. இதுதான் பயம், இந்த எட்டு மாதத்தில் இந்த ஏதோ சரியில்லை அவளுக்கு ஒரு நாளைக்கு இருபது தடவை வரும், பூட்டிய கதவு பூட்டவில்லைபோல, போட்ட மாத்திரை போடவில்லைபோல, டாக்டரிடம் சொன்னபோது அது அப்படித்தான் இருக்கும்மா, கண்டுக்காதீங்க என்றார். அப்படியென்றால் இதுவும் அதுதானா. அல்லது இது அந்தப் பழைய சுகிர்தா, முதல் மேசை சுகிர்தா, மூன்று முறை தள்ளி எதையோ பார்த்துவிட்டு உள்ளேயிருந்து தட்டுகிறாளா. எப்படித் தெரியும். இரண்டு தட்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. தப்பில்லாத கார்டில் தப்பு இருக்கிறதென்று சொல்லி அச்சை நிறுத்தினால், பாவம் அக்கா என்பார்கள், தப்பிருந்து சொல்லாமல் விட்டால், ஆயிரம் பெட்டி, ஆயிரம் கலாமணி. மணி பன்னிரண்டு. உள்ளங்கை வேர்த்து ஈரமாகிவிட்டது, பயமும் உற்சாகமும் ஒரே இடத்தில்தான் வேர்க்கும்போல.

கலாமணியின் கட்டு மெலிந்திருந்தது. அவளுக்கு வந்த மூன்று விளக்குக்காரியில் இரண்டை இறக்கி இறக்கி ஒவ்வொன்றாக எடுத்திருந்தாள். கரையில் ஆறு வெள்ளைப் பித்தான். கட்டில் இரண்டே கார்டு. தன் முறைக்கு ஒன்றை எடுத்தாள், மிச்சம் ஒன்று. கையிலிருந்ததை எல்லாம் வாசித்தாள், எல்லாம் காற்றும் புயலும், ஆள் கார்டு ஒன்றே ஒன்று, மூன்றாவது விளக்குக்காரி. அதை இறக்கினால் ஒரு மூட்டை, ஏழு. அவள் முகத்தில் அது ஏறுவதைச் சுகிர்தா பார்த்தாள், முதலில் கண்ணில், அப்புறம் கன்னத்தில். கலாமணி அவசரப்படவில்லை. இன்ச் டேப்பை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, கார்டை மேசை நடுவில் வைத்து, ஏழாவது பித்தானை எடுத்துக் கரையில் வைத்தாள்.

“ஏழு கண்ணு. சேந்துருச்சு.”

“சேந்துருச்சுங்க்கா. ஆனா கார்டுல இருக்கறதைச் செஞ்சுட்டுத்தான் முறை முடியும், அப்பத்தான் எண்ணணும்.” சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது, சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது, வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

கலாமணி கார்டைக் குனிந்து வாசித்தாள். “மேலுள்ள இரண்டு கார்டுகளைப் பார். ரெண்டு எங்கெ இருக்குது, ஒண்ணுதான் இருக்குது. ஒன்றைக் கையில் எடு.” எடுத்தாள். மேசையில் கட்டு இருந்த இடம் காலியாக இருந்தது. “அப்புறம்?”

“கட்டுல கடைசிக் கார்டு போனா தோத்தாச்சுங்க்கா.”

“யாரு?”

“நீங்க.”

கலாமணி காலியான இடத்தைப் பார்த்தாள், ஏழு பித்தானைப் பார்த்தாள். அவள் கோபப்படவில்லை, அவளுக்குப் புரியவில்லை, அளவு சரியாக எடுத்த துணி சட்டையாக வரும்போது பிடித்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். “இந்தப் பொம்பளதானே என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டா. அவளே இப்பக் கவுத்திட்டாளா. எனக்குத்தான் அந்தக் கார்டு வேண்டாமே கண்ணு, எதுக்கு எடுக்கோணும்? வேண்டாம்னு சொல்லக் கூடாதா?”

வேண்டாம்னு சொல்லக் கூடாதா. சுகிர்தா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். எடு. அங்கேதான். எடு என்று போட்டிருக்கிறது, எடுத்துத்தான் ஆக வேண்டும், வேண்டாதபோதும் எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்கலாம் என்றிருந்தால் கலாமணி அக்கா வேண்டாமென்று விட்டிருப்பாள், கட்டில் ஒரு கார்டு இருந்திருக்கும், முறை முடிந்திருக்கும், ஏழு, ஜெயித்திருப்பாள். மூன்று எழுத்து. க்கலாம், நான்கா, எத்தனையோ, அதுவா முக்கியம். முதல் பெட்டி, முதல் ஆட்டம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து யோசித்து யோசித்து ஜெயிக்கிற இடத்துக்கு வந்த ஆளை, அவர் நம்பிய கார்டே தோற்கடிக்கும், அவரும் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வராமல் போய்விடுவார். உள்ளேயிருந்து தட்டியது கேஸ் இல்லை. மாத்திரை இல்லை. அவள்தான். அவளேதான். சரியாகத் தட்டியிருக்கிறாள். மணி பன்னிரண்டு இருபத்தைந்து. போன் எங்கே என்று தேடி, கையிலேயே இருப்பதைப் பார்த்து, இம்மானுவேலைக் கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தான், பின்னால் மண்டபத்துச் சத்தம்.

“அக்கா, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். இருக்கட்டுங்களா, வேண்டாமுங்களா?”

அவள் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு படியாக, கட்டில் இரண்டு, எடுத்தால் ஒன்று, விளக்குக்காரி, எடுத்தே ஆகணும், காலி. ஒரு இடத்தில் சொல் நழுவியது, கலாமணி பித்தானைத் தூக்கிக் காட்டினாள், மூட்டை, என்று சொல்லித் தொடர்ந்தாள். மறுமுனையில் அவன் நடந்து வெளியே வருவது கேட்டது, பஸ் ஹாரன் கேட்டது.

“அறுபது ஆட்டம் ஆடிப் பாத்தோமுங்க்கா,” என்றான். “அறுபதுலயும் இது வரலை. நாங்க எல்லாரும் பத்து, பன்னெண்டு முறையில முடிச்சுர்றோம். கட்டு காலியாகற வரைக்கும் யாரும் ஆடினதே இல்லை.”

“நாங்க ரெண்டு பேரும் மெதுவா ஆடறவங்க.”

“எடுக்கலாம்னு மாத்திடறேன். இப்பவே மாத்திடறேன்.”

அவ்வளவோடு வைத்திருக்கலாம். ஆனால் முள் அங்கேயே இருந்தது, இந்த உற்சாகத்தில் கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டாள். “இம்மானுவேல், ஏன் என்கிட்ட குடுத்தே? நெசத்தைச் சொல்லு.”

அவன் தொண்டையைச் செருமினான். “புதுசா ஒரு ஆள் ஆடிப் பாத்தா எப்படி இருக்கும்னு தெரிய வேண்டியிருந்துதுங்க்கா. ஆனா புது ஆளுக்கு எது தப்புன்னு சொல்லத் தெரியாது. தெரிஞ்சவங்களுக்குப் புது ஆள் மாதிரி ஆட வராது. அப்ப உங்க ஞாபகம் வந்துது. சொன்னா மனசு கஷ்டப்படும்னுதான் எழுதலை.”

கஷ்டப்பட்டதா என்று அவள் தேடிப் பார்த்தாள். பட்டது, கொஞ்சம், ஊசி போட்ட இடம்போல. அதைச் சுற்றி வேறு ஏதோ ஒன்று, சூடாக, பெரிதாக இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை, எட்டு மாதத்தில் அவளிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசவில்லை. தெரிந்தவள், புதிதாக வந்தவள், இரண்டும். இரண்டைப் பிடிக்க அவளால் முடியும்.

“அக்கா, இன்னும் பதினோரு புதுக் கார்டு இருக்குதுங்க, அந்தப் பெட்டியில. அதையும் யாரும் கடைசி வரைக்கும் ஆடலை. அச்சைத் தள்ளிப் போட்டா பாத்துக் குடுப்பீங்களா? நாளைக்குள்ள முடியுங்களா?”

முடியும் என்று வாய் வரைக்கும் வந்தது, அது முதல் மேசைக்காரியின் வாய். இப்போதே அனுப்பு, பொழுது சாய்வதற்குள் முடித்துக் காட்டுகிறேன். காதுக்குப் பின்னால் அந்த ரீங்காரம் ஆரம்பித்திருந்தது, ஒரு ஆட்டத்துக்கே ஆரம்பித்திருந்தது, இன்னொன்று ஆடினால் எழுத்துகள் நெளியும், மூன்றாவது ஆடினால் அவள் சொல்வது எதுவும் உபயோகப்படாது, அவனுக்கும் அது தெரியாது, அவளுக்குத்தான் தெரியும்.

“ஒரு நாளைக்கு ஒரு கார்டுதான் என்னால முடியும்,” என்றாள்.

கலாமணி பித்தான்களைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப பதினோரு நாளுங்க,” என்றான்.

“ஆமா. பதினோரு நாள்.”

“சரிங்க்கா. அச்சகத்துல பேசிக்கறேன். நீங்க சொன்னப்புறம்தான் போகும்.”

போனை வைத்துவிட்டு அவள் நின்றாள், உட்கார வேண்டும்போல இல்லை. என்ன கண்ணு, திட்டிட்டாரா என்று கலாமணி கேட்டாள். இல்லீங்க்கா, என்றாள் சுகிர்தா, அதற்கு மேல் சொல்ல வாயெடுத்தபோது சிரிப்பு வந்து சொல்லை மறித்தது. அது அடங்கும்வரை கலாமணி பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்கும் பத்து மணிக்கு வர முடியுங்களா?”

“நாளைக்கு ரெண்டு சுடிதார் குடுக்கோணும். பதினொண்ணுக்கு வாரேன்,” என்று கலாமணி எழுந்து பித்தான் டப்பாவை மடியில் வைக்கப் போனாள், யோசித்தாள், அதை மேசையிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.